அடையாற்றை விட்டு விலகிய ஞானி!

காஞ்சிபுரத்தை அடுத்தது ஓரிக்கை. மன்னனைப் பாட மறுத்து நாடு கடத்தப்பட்ட கணிகண்ணன், குரு திருமழிசை ஆழ்வாருடனும் பெருமாளுடனும் ஓர் இரவு தங்கிய ஊர் இது என்பது ஐதீகம்.

அதுபோல, ஒரு மனிதரைத் தெய்வ ஆசானாக ஏற்க மறுத்து வெளியேறியவர் ஐரோப்பாவிலும் உண்டு. அவர்தான் ருடால்ப் ஸ்டைனர். அவர் விட்டு விலகியது, சென்னை அடையாற்றில் தலைமையிடம் கொண்ட பிரம்மஞான சபையை!

தந்தி ஊழியரின் மகன்

ஸ்டைனர் 1861-ம் ஆண்டு, இன்று குரோஷியாவில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை ரெயில்வேயில் தந்தி ஊழியர். மகன் வியன்னாவில் விஞ்ஞானம் படித்தார்.

கண்ணுக்குத் தெரியாத ஆன்ம உலகம் உண்டு என்பது அவர் நம்பிக்கை. 1902-ல் பிரம்மஞான சபையின் ஜெர்மன் கிளைக்குப் பொதுச் செயலாளர் ஆனார்.

பிளவு வந்தது

1909-ல் அடையாற்றுக் கடற்கரையில் ஒரு சிறுவனைச் சபையார் கண்டனர். அவர்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. உலகை உய்விக்கும் ஆசான் இவர் வடிவில் வருவார் என்று நம்பினர். 1911-ல் அதற்கென ஒரு சங்கமும் அமைத்தனர். சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையாரே முன்னின்று நடத்தினார்.

ஸ்டைனர் ஏற்கவில்லை. 1913-ல் ஜெர்மன் கிளையின் அங்கீகாரத்தை அம்மையார் ரத்து செய்தார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஸ்டைனருடன் சென்றனர்.

மனித ஞானம்

அவர் கண்ட புதிய நெறியின் பெயர் ஆந்த்ரோபாசபி. கிரேக்க மொழியில் 'மனித ஞானம்' என்று பொருள்.

மனிதன் வெறும் உடல் அல்ல. மறுபிறவியும் கர்மமும் உண்டு. ஆன்ம உலகை அறியும் ஆற்றல் ஒவ்வொருவருக்குள்ளும் உறங்குகிறது. தியானத்தாலும் தெளிந்த சிந்தனையாலும் அதை எழுப்பலாம். இதுவே அதன் சாரம்.

ஞானம் கைக்கும் வரவேண்டும் என்றார். 1919-ல் சிகரெட் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஸ்டட்கர்ட் நகரில் பள்ளி தொடங்கினார். அந்த நெறிப் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளும் பின்னல் வேலை கற்கிறார்கள். தறி ஓசையில் வளர்ந்த நம் நெசவாளர் வீடுகளுக்கு இதன் அருமை புரியும்.

பசுவின் கொம்பில் சாணம் அடைத்துப் புதைத்து உரமாக்கும் முறையை 1924-ல் கூறினார். விஞ்ஞானிகள் பலர் ஏற்பதில்லை. ஆயினும் தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் சிலர் அதைக் கையாளுகிறார்கள்.

கடைசிக் காலம்

சுவிட்சர்லாந்தில் அவர் எழுப்பிய மர மண்டபம் 1922 டிசம்பர் 31 இரவு தீக்கிரையானது. மனம் தளராமல் கான்கிரீட் மண்டபத்துக்கு வடிவம் தந்தார். அது முடியுமுன் 1925 மார்ச் 30-ந் தேதி காலமானார்.

யார் பொருட்டுப் பிளவு வந்ததோ, அதே கிருஷ்ணமூர்த்தி 1929-ல் குரு பட்டம் வேண்டாம் என்று உதறி, சங்கத்தையே கலைத்துவிட்டார். அதைக் காண ஸ்டைனர் இல்லை!