ஏ. வி. மெய்யப்பச் செட்டியார்

ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் (ஜூலை 28, 1907 - ஆகஸ்ட் 12, 1979) தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளரும் ஏவிஎம் நிறுவனத்தின் நிறுவனரும் ஆவார். சிவகங்கை மாவட்டம் காரைக்குடியில் பிறந்தவர்.

வாழ்க்கை

காரைக்குடியில் இவருடைய தந்தையார் நடத்திய கடையில் இசைத்தட்டுகளும் விற்கப்பட்டன. பிறர் பதிந்தவற்றை விற்பதோடு நில்லாமல், இவர் சென்னை சென்று கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டார். நந்தகுமார் (1938) திரைப்படத்தில் நடிகையின் பாடலுக்கு லலிதா வெங்கட்ராமனின் குரலைத் தனியே பதிந்து சேர்த்தார். தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. நாம் இருவர் (1947) காரைக்குடியிலேயே எடுக்கப்பட்டது. அதில் பாரதியார் பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாடினார்.

பாரதி பாடல் உரிமை

பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமையை மெய்யப்பர் 1946 இல் விலைக்கு வாங்கியிருந்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் பில்ஹணன் (1948) திரைப்படத்தில் பாரதி பாடலொன்றைச் சேர்த்தபோது, அனுமதி பெறவில்லையென வழக்குத் தொடுத்தார். பாரதி பாடல்கள் பொதுவுடைமையாக வேண்டுமென்ற குரல் அப்போது வலுத்திருந்தது. 1949 இல் சென்னை மாகாண அரசு உரிமையைக் கேட்டதும், பணம் எதுவும் பெறாமல் மெய்யப்பர் அதனை விட்டுக்கொடுத்தார். வழக்கை நினைவுகூர்வோர் பலர் இதனைக் குறிப்பிடுவதில்லை. 1955 இல் அரசு பாரதியின் படைப்புகளை அனைவருக்கும் உரியவையாக்கியது. அதன்பின் எவரும் அவற்றைப் பாடிப் பதிந்து வெளியிடலாம் என்றாயிற்று.