சித்பவானந்த சுவாமிகளும் குருகுலத் தொண்டும்

சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு பாதங்களுள் சரியை முதற்கண் வைக்கப்பட்டமையின், அஃது எளியோர்க்குரிய கீழ்ப்படியென்று கொண்டு, தாம் அதனைக் கடந்துவிட்டார்போலப் பேசுவார் நம்மிடையே பலர் உளர். அலகிடுதலும் மெழுகுதலும் நூல் கற்றார்க்கு வேண்டா என்பது அவர்தம் துணிபு போலும். உழவாரப்படையை இறுதிவரை கைவிடாத அப்பமூர்த்திகளின் வரலாற்றை நாடோறும் ஓதிக்கொண்டே இங்ஙனம் எண்ணுதல் வியப்பேயாம். கைத்தொண்டைச் சிறுவர் கல்வியோடு பிணைத்து, கல்விச்சாலையையே பணிவிடைக் களமாக ஆக்கிய துறவி ஒருவர் சென்ற நூற்றாண்டிலே தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவர் நம் சைவ மடங்களைச் சார்ந்தவரல்லர். இராமகிருட்டிண பரமஹம்சர் மரபில் வந்தவர். ஆயினும் அவர் வரலாறு மடங்களிலும் அவற்றைச் சார்ந்த பள்ளிகளிலும் உள்ளார் அறிதற்பாலதென்று கருதி ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவரே சுவாமி சித்பவானந்தர்.

கொங்குநாட்டிற் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையம் என்னும் சிற்றூரில், வேளாண்குடி ஒன்றில், 1898-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் சுவாமிகள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சின்னு என்பது. பின்னாளில் நடுவண் அரசில் உணவுத்துறை அமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் பிறந்ததும் அவ்வூரே. சின்னு கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் பள்ளியிற் படித்தார். அப்பள்ளி நீலகிரியிற் காப்பித் தோட்டத் தொழில் நடத்திய இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலவர் 1862-இல் நிறுவியது. ஐரோப்பியர் மக்களையும் ஆங்கிலோ இந்தியர் மக்களையும் கருதித் தொடங்கப்பெற்றது. நாட்டுப்புறத்து உழவர் மகன் ஒருவன் அங்கே அமர்ந்து படித்த காலத்தில், ஒருவர்க்கு ஒரு முறையும் மற்றொருவர்க்கு வேறு முறையுமாக இயலும் உலகத்தை அணித்தே கண்டிருத்தல் வேண்டும்.

பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றார். மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லும் ஏற்பாடும் இருந்தது. அந்நிலையில் விவேகானந்தரின் நூல் கைக்கு வந்தது, வாசித்தார், கப்பற் பயணம் நின்றது. சென்னை இராமகிருட்டிண மடத்தின் தொடர்பும், பரமஹம்சரின் நேர்ச் சீடர்களுள் ஒருவரும் இராமகிருட்டிண மடத்து மரபின் இரண்டாந் தலைவருமான சிவானந்த சுவாமிகளின் அருளும் அவர்க்குக் கிடைத்தன. அவரிடமே துறவுபெற்றுச் சித்பவானந்தர் என்னும் பெயர் பூண்டார்.

1926 முதல் 1940 வரை பதினான்கு ஆண்டுகள் உதகமண்டலத்து இராமகிருட்டிண மடம் அவர் பொறுப்பில் இருந்தது. அக்காலத்து உதகையை நினைத்துப் பார்த்தல் நன்று. சென்னை அரசாங்கம் கோடைதோறும் மலையேறிவரும் இடம் அது. 1899-இற் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் இருப்புப்பாதை வந்துவிட்டமையின், வெயிலுக்கு அஞ்சிய அதிகாரிகளும் செல்வரும் சிற்றரசரும் ஆண்டுதோறும் வந்து குழுமுவர். மலைச்சரிவெங்கும் தேயிலை. சமவெளித் தமிழகத்திலிருந்தும் மைசூரிலிருந்தும் மலையாளத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் தோட்டக்கூலிகளாய் வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். மலைக்குரிய தோதவரும் கோத்தரும் படகரும் இருளரும் குறும்பரும் தத்தம் முறையில் ஒதுங்கி வாழ்ந்தனர். வெள்ளைப் படைவீரர் மக்களுக்கென்று 1858-இல் தொடங்கப்பெற்ற ஒரு பெரும்பள்ளி லவ்டேலிற் சிறந்து நடந்தது. இத்துணை வேற்றுமைகளை இத்துணைச் சிறிய நிலப்பரப்பில் ஒருங்கே காணுதல் தமிழ்நாட்டில் வேறெங்கும் அரிது. குளிர் நாடிச் செல்வோர்க்கு இவை புலப்படா. பதினான்கு ஆண்டு அங்கே உறைந்த துறவிக்குப் புலப்படாமல் இருத்தல் இயலாது.

அம்மலையிலேயே, பெர்ன்ஹில் என்னுமிடத்தில், நாராயண குருவின் மாணாக்கரான நடராஜ குரு 1923-இல் ஒரு குருகுலம் கண்டார். அருவிப்புறத்தில் 1888-இற் சிவலிங்கம் நிறுவி, தமிழிலும் தேவாரப் பதிகங்கள் பாடிய நாராயண குருவை நம் வாசகர் அறிவர். மலையடிவாரத்தில், கோவையில், அவினாசிலிங்கம் 1930-இல் இராமகிருட்டிண வித்தியாலயத்தைத் தொடங்கினார். ஆகவே, ஆசிரியரும் மாணவரும் ஒருங்குறைந்து உண்டு உழைத்துக் கற்கும் பள்ளி வேண்டுமென்னும் எண்ணம் அப்பக்கங்களில் அப்போது பரவியிருந்தது எனலாம்.

ஆனாற் குருகுலம் என்னும் சொல்லே அந்நாளிற் புண்பட்டிருந்தது. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922-இல் நிறுவிய தமிழ்க் குருகுலத்திற் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவிடப்பட்டதென்னும் செய்தி 1924-இலும் 1925-இலும் நாடெங்கும் பெரும் பூசலை எழுப்பியது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. இராமசாமியும் வெகுண்டெழுந்தனர், காந்தியடிகள் வரை வழக்குச் சென்றது. 1925 ஜூன் திங்களிற் பாபநாசத்து அருவியில் வீழ்ந்த மகளைக் காக்கப் புகுந்து ஐயர் உயிர்நீத்தார், குருகுலமும் நலிந்தது. ஐயர் நாட்டன்பிற் குறைந்தவரல்லர், கல்வியில் ஒப்பற்றவர். ஆயினும் பந்தியில் இரண்டு இலைகளை ஒதுக்கியிட்டமையால் அவர்தம் பெருமுயற்சி முழுதும் அழிந்தது. ஒரு பள்ளி சிறுவர்க்கு எதைக் கற்பிக்கின்றது என்பதைப் பாடநூலினும் அடுக்களையே தெளிவாகக் காட்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. சித்பவானந்தர் உதகை மடத்தை ஏற்றது இதற்கு அடுத்த ஆண்டேயாகும்.

மலையிலிருந்து இறங்கியவர் 1942-இற் காவிரித் தென்கரையில், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கேயுள்ள திருப்பராய்த்துறையில், இராமகிருட்டிண தபோவனத்தை நிறுவினார். அது பேலூர் மடத்தின் ஆட்சிக்கு உட்படாத தனி நிறுவனம். நாற்பத்துநான்கு அகவையில், இருந்த இடத்தை விட்டுப் புதிதாய் ஒன்றைத் தொடங்குதல் எளிதன்று. உலகப்போரும் பொருள்முட்டும் நிலவிய ஆண்டு அது. திருப்பராய்த்துறை சம்பந்தப் பிள்ளையாரும் அப்பரும் பாடியருளிய தலம். தாருகவனம் எனப் பேர்பெற்றது. இறைவனை எண்ணாது கருமமே பயன் தருமென்று செருக்கியிருந்த முனிவர்தம் செருக்கைப் பிட்சாடனராய் எழுந்தருளிப் பெருமான் அடக்கிய இடம் அதுவென்பர். தொண்டு செய்தலைத் தொழிலாகக் கொள்வார் உறைதற்கு இதனினும் எச்சரிக்கை மிக்க இடம் வேறு உண்டோ? இறைநினைவு நீங்கிய பணி தாருகவனத்து வேள்வியாகவே முடியும்.

அங்கெழுந்த விவேகானந்த வித்யாவனத்தின் முறை குருகுல முறை. வைகறையில் எழுதல், கூட்டு வழிபாடு, உடற்பயிற்சி, தாம் உறையும் இடத்தைத் தாமே தூய்மை செய்தல், ஒரே பந்தியில் உண்ணுதல் ஆகிய இவையெல்லாம் படிப்பிற்குப் புறம்பானவையாக அல்லாமற் படிப்பின் கூறுகளாகவே அமைந்தன. சமுதாயத் தொண்டு என்று ஆண்டில் ஒரு நாள் குறித்து, மாலையும் மேடையும் அமைத்து, மறுநாள் துடைப்பத்தைக் கூலிக்காரன் கையிற் கொடுத்துவிடும் பள்ளிகளை இன்றும் காண்கின்றோம். தான் உண்ட இடத்தைப் பிறனொருவன் துடைக்கக் கண்டு வளர்ந்த சிறுவன், மக்கள் யாவரும் ஒருநிகரென்று எத்துணை முறை எழுதினும் அதனை நம்பான். சுவாமிகள் பிடித்த இடம் இதுவே. ஆசிரியனும் அவ்வாழ்க்கையை உடன்வாழ்தல் வேண்டும் என்பதும் அம்முறையிலேயே அடங்கும். ஏவுவோன் ஒருவனாகவும் செய்வோன் ஒருவனாகவும் பிரிந்தவிடத்துக் குருகுலம் இல்லை.

கொள்கையில் நாம் அவரோடு வேறுபடும் இடத்தையும் மறைத்தல் தகாது. சீவனைச் சிவமென்றே கண்டு பணிவிடை செய்க என்பது விவேகானந்தர் வழி வந்த கோட்பாடு. உயிர் ஒருகாலத்தும் சிவமாகாது. சிவத்தோடு பிரிப்பின்றி நின்று, அதன் அடிமையாகவே இன்புறும் என்பது நம் துணிபு. ஆயினும் உயிரினிடத்துப் பெருமான் கோயில் கொண்டிருத்தலின் அடியார்க்குச் செய்வது அவனுக்கே ஆகுமென்று திருமூலர் நெறியும் சங்கம வழிபாடும் நமக்கு உணர்த்துகின்றன. பந்தியில் அன்னம் இடுங்கால் இரு கோட்பாட்டாரும் ஒருவாறே இடுவர். ஏன் இடுகின்றோம் என்று வினவுங்காலே வேறுபடுவர். திருவாசகத்திற்கும் தாயுமானவர் பாடல்களுக்கும் அவர் விரிவான உரைகள் வகுத்துள்ளார். அவ்வுரைகள் சமரச நோக்கின. முத்திநிலை பேசுமிடங்களில் மெய்கண்டார் நெறி நிற்பார்க்கு முழுதும் உடன்பாடாகா. எனினும் மணிவாசகரை எளிய தமிழில் ஆயிரக்கணக்கான இல்லங்கட்குக் கொண்டுசென்ற நன்றி அவ்வுரைக்கு உரியது.

பகவத்கீதைக்கு அவர் கண்ட உரையும், தர்ம சக்கரம் என்னும் திங்களிதழும், இல்லறத்தார் ஒரு நாள் முழுதும் கூடி இறைநினைவில் இருக்க ஊர்தோறும் நடத்திய அந்தர்யோகமும் பலரும் அறிந்தவை. பெண்மக்கள் கல்விக்குச் சாரதா தேவியார் பெயரால் எழுந்த நிலையங்களும் அவர் தூண்டுதலின் விளைவே. 1971-இல் மதுரைக்கு மேற்கே திருவேடகத்தில் விவேகானந்தர் பெயராற் குருகுலக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்றது. பிள்ளையார் இட்ட ஏடு வைகையின் பெருக்கை எதிர்த்துச் சென்று கரையேறிய தலத்தில், மாணவர் வேட்டி உடுத்து, கல்லூரியிலேயே தங்கி, வழிபாடும் பணியும் கல்வியுமாக வாழும் நிலையம் அது. பட்டப்படிப்பு என்றால் விடுதியில் வேலைக்காரரும் நுகர்ச்சியும் என்று பொருள்படத் தொடங்கிய காலத்தில், அதுவும் எதிர்நீச்சலே.

சுவாமிகள் 1985-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள் உடல் நீத்தார். அப்போது அவர்க்கு வயது எண்பத்தேழு. திருப்பராய்த்துறையில் தாருகவனேசுவரரை வழிபடச் செல்லும் அன்பர்கள், அவ்வூரிலேயே உள்ள தபோவனத்திற்கும் சென்று, அங்குள்ள பிள்ளைகள் தம் முற்றத்தைத் தாமே கூட்டுவதைக் கண்டு வரலாம்.