பொருளாதாரம் படித்து, கல்விக்கூடம் காத்த டாக்டர் ஜாகிர் உசேன்

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் வந்தால், ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்கோயில் ஊரான திருத்தணியும் நினைவுக்கு வரும். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888இல் பிறந்த ஊர் அது. தத்துவப் பேராசிரியரான அவர் 1962இல் குடியரசுத் தலைவரானபோது, குடியரசுத் துணைத் தலைவரானவரும் ஓர் ஆசிரியர்தான். 1967இல் அவருக்குப் பின் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் உசேன்தான் அவர். நாட்டின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவர் என்று அவரை அறிந்திருக்கிறோம். அவர் ஒரு பொருளாதார அறிஞர் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

1897 பிப்ரவரி 8இல் ஹைதராபாத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். அலிகர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1920இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று வெளியேறினார். அப்படி வெளியேறிய மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கியதே ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா.

பின்னர் ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழகத்தில், பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவின் வேளாண் அமைப்பை ஆராய்ந்து 1926இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்தத் தகுதிக்கு நல்ல சம்பளத்தில் வேலை தேடியிருக்கலாம். ஆனால் கிலாஃபத் இயக்கம் ஓய்ந்து, நிதி வற்றி, ஜாமிஆவை மூடிவிடலாமா என்ற பேச்சு நடந்த நேரம் அது. நண்பர்கள் ஆபித் உசேன், முஜீப் ஆகியோருடன் நாடு திரும்பி, 29 வயதில் அதன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்காமல் 20 ஆண்டுகள் பணியாற்றுவோம் என்று அவரும் சக ஆசிரியர்களும் உறுதி எடுத்தனர்.

ஆராய்ச்சிக்கு ஓய்வு கிடைக்காவிட்டாலும் பொருளாதாரத்தை அவர் விடவில்லை. மாணவர்களுக்கு அதைக் கற்பித்தார். ஜெர்மானிய அறிஞர் ஃபிரெட்ரிக் லிஸ்ட், ஆங்கிலேயர் எட்வின் கேனன் ஆகியோரின் பொருளாதார நூல்களை உருதுவில் மொழிபெயர்த்தார். முதலாளித்துவம் பற்றி டெல்லி பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள் பின்னர் நூலாயின.

1937இல் வார்தா ஆதாரக் கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். கைத்தொழில் வழியே கல்வி என்ற அத்திட்டத்தில், பிள்ளைகள் செய்யும் பொருள்களின் வருமானமே பள்ளிச் செலவுக்கு உதவும் என்ற எண்ணமும் இருந்தது. வருமானத்தைப் பெரிதாக்கினால் கல்வியின் நோக்கம் அடிபட்டுப்போகும் என்று குழுவின் அறிக்கை எச்சரித்தது. குழந்தையின் உழைப்பைக் காசாக மட்டும் பார்க்கக் கூடாது என்று சொன்ன அந்தக் குழுவின் தலைவர் ஒரு பொருளாதார அறிஞர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1948இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவிலும் அவர் உறுப்பினர். அதே ஆண்டு, பிரிவினைக்குப் பின் கலங்கி நின்ற அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகி, 1956 வரை அதை வழிநடத்தினார். 1963இல் பாரத ரத்னா பெற்றார்.

1969 மே 3இல், பதவியில் இருக்கும்போதே காலமானார். ஜாமிஆ வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நம் இளையான்குடியில் அவர் பெயரில் ஒரு கல்லூரி இருக்கிறது. வெளிநாடு சென்று பட்டம் பெறுவோர் இன்று நம் சமுதாயத்தில் ஏராளம். நிதியில்லாமல் தள்ளாடும் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு, அவர்களில் சிலராவது சில ஆண்டுகளைத் தர முன்வர வேண்டும். ஜாகிர் உசேன் 22 ஆண்டுகளைத் தந்தார்.