ஈயம் உருக்கிய எல்மர் கீத்

இளமையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழில் செய்தவன் நான். தேய்ந்துபோன எழுத்துகளை இரும்புச் சட்டியிலிட்டு உருக்கும் நாளில் எழும் மணமும், கறுத்த ஏட்டை அகப்பையால் ஒதுக்கியதும் அடியில் தோன்றும் வெள்ளியொத்த பளபளப்பும் இன்றும் என் நினைவில் நிற்கின்றன. ஈயம், வெள்ளீயம், அந்திமனி ஆகிய மூன்றும் கலந்தது அச்செழுத்து உலோகம். தனி ஈயத்தால் எழுத்து வார்த்தால் சில நாளிலேயே அது நசுங்கிவிடும். அந்திமனி அதற்கு உறுதி தருகின்றது. வெள்ளீயமோ அச்சின் மூலைமுடுக்கெல்லாம் உலோகம் ஓடி நிரம்பத் துணைசெய்கின்றது.

அமெரிக்காவிலே இதே உலோகத்தை முற்றிலும் வேறான ஒரு தேவைக்காகத் தேடித் திரிந்தோர் பலர் இருந்தனர் என்பதை நான் அறிந்தது மிகப் பிந்தியே. லைனோடைப் இயந்திரங்களை அச்சகங்கள் கைவிட்ட காலத்தில், அவற்றின் உலோகக் கட்டிகளை வாங்கித் துப்பாக்கிக் குண்டு வார்த்தனர் அன்னார். வேட்டைக்கும் குறிச்சூட்டுக்கும் வேண்டிய ரவைகளைத் தம் வீட்டு மேசையிலேயே ஆக்கிக்கொள்வது அந்நாட்டில் ஒரு பழகிய கைத்தொழில். அக்கைத்தொழிலின் பெரும் பெயர்களுள் ஒன்று எல்மர் கீத். கொழும்பு நடைபாதைக் கடையொன்றிலே அவருடைய சுயசரிதையின் பிரதியொன்று என் கைக்குக் கிட்டியது. துப்பாக்கியோசையை விரும்பாத ஊரவன் நான். அதற்கான காரணத்தை இப்பக்கத்தின் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. எனினும் அந்நூலை முடிக்காமற் கீழே வைக்க என்னால் இயலவில்லை.

கீத் 1899ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி மிசூரி மாநிலத்தில் ஹார்டின் என்னும் ஊரிலே பிறந்தார். குடும்பம் மேற்கே மொன்றானாவுக்குக் குடிபெயர்ந்தது. அவருக்குப் பன்னிரண்டு வயதளவில், மிசூலா நகரில் அவர்கள் தங்கியிருந்த விடுதி தீப்பற்றி எரிந்தது. சிறுவன் உயிர் தப்பியதே அரிது. முகத்திலும் உடலிலும் வடுக்கள் நிலைத்தன. இடக்கை தீயிற் சுருங்கி வளைந்து ஒட்டிப்போயிற்று. வைத்தியர்கள் கைவிட்ட அக்கையை உடைத்து நிமிர்த்தும்படி அவர் தம் பெற்றோரையே வேண்டினார். அவர்களும் அவ்வாறே உடைத்துப் பலகையில் வைத்துக் கட்டினர். மகனின் விரல்களை உடைக்கும் தாய் தந்தையரின் நிலையை எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகின்றது. அந்தக் கையோடுதான் அவர் பின்னாளில் குதிரைகளை அடக்கினார், பாரம் ஏற்றினார், துப்பாக்கி பிடித்தார்.

வாலிபத்தில் அவர் மாட்டிடையராயும், மலைவழிகளில் வேட்டைக்காரருக்கு வழிகாட்டியாயும் உழைத்தார். அத்தகைய வாழ்விலே இடுப்பு றிவோல்வர் அலங்காரப் பொருளன்று. குதிரை வெருண்டு ஓட, ஓட்டுபவனின் கால் அங்கவடியிற் சிக்கி அவன் இழுபட்டால், அக்குதிரையை வீழ்த்தும் ஒரே வழி அதுவாயிருக்கும். கடையில் விற்ற ரவைகள் அதற்குப் போதிய வலுவுடையன அல்ல என்பது கீத்தின் கருத்து. ஆகவே தாமே ஈயம் உருக்கத் தொடங்கினார்.

தொடக்கம் நன்றாயிருக்கவில்லை. 1925ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி, நாட்டின் சுதந்திர தினத்தைக் கொண்டாடும் உற்சாகத்திலே, .45 கோல்ற் றிவோல்வர் ஒன்றை அவர் வெடிக்கவைத்தார். அதற்கென்று ஏற்படாத கனத்த றைபிள் குண்டுகளை அதிலே இட்டிருந்தார். உருளையின் மேற்பாதியும் மேற்சட்டமும் பிய்ந்து பறந்தன. வேறொருவர் இச்செய்தியை மறைத்திருப்பார். கீத்தோ அதனை அப்படியே எழுதி அமெரிக்கன் றைபிள்மன் சஞ்சிகைக்கு அனுப்பினார். தம் பிழையை அச்சிலே ஒப்புக்கொண்டு எழுத்துலகில் நுழைந்த மனிதர் என்பதால், அவர் பிற்காலத்தில் அடித்த பெருமைகள் சிலவற்றை நான் பொறுத்துக்கொள்கிறேன்.

அவ்விபத்து அவருக்கு ஒரு பாடமும் ஆயிற்று. .45 ரவை பருமனானது. ஆகவே அது புகும் உருளைத் துளைகளின் சுவர் மெல்லியது. அதே சட்டத்தில் .44 ஸ்பெஷல் ரவைக்குத் துளையிட்டால் சுவரிலே கூடுதலான உருக்கு எஞ்சும். கீத் உடனே .44க்கு மாறினார், சாகும்வரை அதனோடேயே நின்றார்.

இனி அவருடைய உண்மையான சாதனைக்கு வருகிறேன். 1920களின் பிற்பகுதியில் ஐடியல் நிறுவனத்துக்காக அவர் வரைந்த குண்டு வார்ப்பச்சின் இலக்கம் 429421. முனை தட்டையானது. முனைக்குக் கீழே குழலின் முழு அகலத்தையும் நிரப்பும் கூரிய தோள் ஒன்று; அது கடதாசியிலே துளைக்கருவியாற் குத்தியது போலச் சுத்தமான வட்டத்தை வெட்டும். அதன் கீழே, பித்தளைக் கூட்டின் வாயை உள்மடித்து இறுக்குவதற்கு ஒரு காடி. பின்னர், கொழுப்பும் மெழுகும் நிரப்புவதற்கு ஆழமான சதுரக் காடி ஒன்று. அடிப்பாகம் தட்டை. எடை ஏறத்தாழ 250 கிறேன். ஓர் இறாத்தலில் 7,000 கிறேன் உண்டென்பதை வாசகர் நினைவிற் கொள்க. வரைபடத்தை முதன்முதலிற் பார்த்தபோது, நல்ல அச்செழுத்தொன்றின் தோளையும் பள்ளத்தையும் பார்ப்பது போன்ற மகிழ்ச்சி எனக்குண்டாயிற்று. வீணான கோடு ஒன்றும் அதில் இல்லை.

உலோகக் கலப்பிலும் அவர் பிடிவாதக்காரர். பதினாறு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது அவர் விரும்பிய கணக்கு. என் பழைய அச்சுலோகம் அவருடைய சட்டிக்குப் பொருந்தாது என்று கண்டபோது சற்று ஏமாற்றமே அடைந்தேன். காரணம் நுட்பமானது. மருந்து வெடிக்கும்போது பின்னாலிருந்து வரும் அழுத்தம் குண்டின் அடியைச் சிறிது விரியச் செய்து, குழலை அடைக்க வேண்டும். குண்டு அளவுக்கு மீறிக் கடினமாயிருந்தால், மிதமான மருந்தின் அழுத்தத்துக்கு அது விரியாது. சுடுவாயு ஓரத்தால் நழுவிச் சென்று ஈயத்தை உருக்கிக் குழலின் உட்சுவரிலே பூசிவிடும். மிக மென்மையாயிருந்தாலோ, வலுத்த வேகத்தில் குழலின் உட்புரிகளை அது பற்றிக்கொள்ளாது உரசித் தேயும். ஆகவே மருந்துக்கேற்ற உலோகம், உலோகத்துக்கேற்ற மருந்து, குழலுக்கேற்ற பருமன் ஆகிய மூன்றும் இணங்க வேண்டும். கடினமே சிறப்பென்று எண்ணுவோர் தம் துப்பாக்கிக் குழலைச் சுரண்டியே மாலைப்பொழுதைக் கழிப்பர்.

1928இல் ஹரல்ட் குரொப்ட் என்பவர் பிலடெல்பியாவிலிருந்து தம் றிவோல்வர்களோடு ஒரிகன் மாநிலத்துத் டர்க்கி என்னும் ஊரிலிருந்த கீத்தின் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். அவ்விருவர் சிந்தனையிலும் உருவான ஐந்தாம் இலக்க றிவோல்வரைப் பற்றிக் கீத் 1929இல் எழுதிய கட்டுரை அவர் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. 1935இல் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் .357 மக்னம் என்னும் புதிய றிவோல்வரை வெளியிட்டது. பெரிய மதுப் போத்தலின் பெயரே இவ்வாறு பெரிய ரவைக்கும் வந்தது. வேடிக்கை யாதெனில், கீத்தின் நீண்ட குண்டை அதன் காடியில் மடித்து இறுக்கினால், ரவை அந்த உருளையை விட நீண்டுவிட்டது; அவரோ தம் குண்டை மாற்றாது, குட்டையான .38 ஸ்பெஷல் கூட்டில் இட்டுச் சுட்டார்.

உலகப் போர்க் காலத்தில் யூட்டா மாநிலத்து ஒக்டன் படைக்கலசாலையில் அவர் துப்பாக்கிகளைப் பரிசோதித்தார். போர் முடிந்தபின் ஐடகோ மாநிலத்து சாமன் நகரிலிருந்து கட்டுரைகளும் நூல்களும் எழுதிக் குவித்தார். பள்ளிப் படிப்புக் குறைந்தவர். அவருடைய எழுத்துப் பிழைகளைத் திருத்துவதிற் பத்திராதிபர்கள் பெரும் பாடுபட்டனராம். பிறர் பிழையைக் கோத்தே பிழைத்த எனக்கு அப்பாடு தெரியும்.

முப்பதாண்டுக் காலம் அவர் விடாது கேட்டது ஒன்றே: 250 கிறேன் குண்டைச் செக்கனுக்கு 1,200 அடி வேகத்திற் செலுத்தும் .44 ரவையைத் தொழிற்சாலைகள் செய்துதர வேண்டும் என்பதே அது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்மித் அன்ட் வெசன் துப்பாக்கியையும் றெமிங்டன் ரவையையும் செய்து .44 மக்னத்தைப் பிறப்பித்தன. பழைய .44 ஸ்பெஷல் துப்பாக்கிகளிற் புகுந்து அவற்றை உடைத்துவிடாதபடி கூட்டினை அங்குலத்தின் எட்டிலொரு பங்கு நீட்டினர். ஆனால் வேகமோ கீத் கேட்டதைக் கடந்து சென்றது. பெருஞ்சத்தத்தின் தந்தையென்று உலகம் அழைக்கும் மனிதர் கேட்டது, உலகம் அவருக்குக் கொடுத்ததைவிடக் குறைவே என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1971இல் ஹாலிவூட் திரைப்படமொன்றில் நடிகர் கிளின்ற் ஈஸ்ற்வூட் அத்துப்பாக்கியை ஏந்திய பின்னர் அதை வாங்க ஓடினோரும் இதை அறிந்திரார்.

வாங்கியவர்களுட் பலர் ஒரு பெட்டி ரவை சுட்டதும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வீடு திரும்பினர். அவர்களுட் பொறுமையுள்ளோர் கீத்தின் வார்ப்பச்சை வாங்கி, அதே 250 கிறேன் குண்டைச் செக்கனுக்கு 900 அல்லது 1,000 அடி அளவில் மெல்லச் செலுத்தும் ரவைகளைத் தாமே ஆக்கிக்கொண்டனர். டெக்சஸ் எழுத்தாளர் ஸ்கீற்றர் ஸ்கெல்ற்றன் போன்றோர் இம்மிதமான வழிக்கே பரிந்து பேசினர். தட்டை முனையும் கூரிய தோளும் வேகத்தை நம்பியிருப்பன அல்ல. மெல்லப் போயினும் அவை தம் வேலையைச் செய்தன.

மிதமென்றால் ஆபத்தில்லை என்று வாசகர் எண்ணிவிடலாகாது. முழு வலுவுள்ள ரவையில், மெதுவாய் எரியும் மருந்து கூட்டைப் பெரிதும் நிரப்பி நிற்கும்; தவறி இருமுறை இட்டால் அது வழிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். மிதமான ரவைக்கு விரைந்தெரியும் மருந்து சிறிதளவே போதும். பெரிய மக்னம் கூட்டின் அடியில் அது ஒரு சிட்டிகையாய்க் கிடக்கும். இருமுறை இட்டாலும் இடமிருக்கும். மேலே குண்டை வைத்து மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அத்தகைய ஒரு ரவை துப்பாக்கியைப் பிளக்கப் போதும். ஆகவேதான் பழகியவர்கள் குண்டை வைக்குமுன் கூடுகளை வரிசையாய் நிறுத்தி, விளக்கொளியில் ஒவ்வொன்றாய் உள்ளே பார்ப்பர். பேச்சுத் துணையை அவ்வேளையில் விரும்பார். ஒருமுறை ஈரம் துடைக்காத அகப்பையை நான் எழுத்துருக்கும் சட்டியில் இட்டேன். ஒரு துளி நீர் ஆவியாய் வெடிக்க, உருகிய உலோகம் கூரைவரை தெறித்தது. புறங்கையிலே அதன் வடு இருக்கிறது. அன்று நான் பேசிக்கொண்டிருந்தேன்.

கீத்தின் மீதுள்ள பெரிய வழக்கு, அறுநூறு யார் தூரத்து மான் பற்றியது. உடன் வந்தவர் சுட்டுக் காயப்படுத்திய மானொன்று ஓடிக்கொண்டிருந்ததாகவும், தாம் .44 மக்னத்தால் அத்தூரத்தில் அதைத் தாக்கியதாகவும் அவர் எழுதினார். பலர் நகைத்தனர். றைபிளின் பக்கம் நின்ற, சிறிய வேகக் குண்டுகளைப் புகழ்ந்த எழுத்தாளர் ஜக் ஓகொனருக்கும் இவருக்கும் ஆண்டுக்கணக்கில் எழுத்துப்போர் நடந்தது. நடந்ததா, நடக்கவில்லையா என்று தீர்ப்பளிக்க நான் அந்த மலையில் நின்றவனல்லன். கைவாக்கை விட நாவாக்கு நீளமான மனிதர் அவர் என்பது என் எண்ணம். ஆயினும் காயப்பட்ட உயிரைத் துடிக்க விடக்கூடாதென்ற அவதி அக்கதையில் உண்மையாயிருந்தது.

1964இல் பொலிசாரை முன்னிட்டு .41 மக்னம் வெளிவந்தபோது, கீத்தும் அதன் பின்னணியில் நின்றார். அதிலே கவனிக்க வேண்டியது, வேட்டைக்கு வலுத்த ரவையும் பொலிசாருக்கு மிதமான ஈயக்குண்டு ரவையும் என இருவகை வெளிவந்தமையே. துப்பாக்கி பாரமாயிருந்ததால் பொலிசார் பெரிதும் ஏற்கவில்லை. 1973இல் தலைசிறந்த அமெரிக்கக் கைத்துப்பாக்கியாளர் என்னும் விருது முதன்முதலாக அவருக்கே வழங்கப்பட்டது. அகன்ற தொப்பியும் சுருட்டுமாய்க் குள்ள உருவத்தினராகிய அவர் அதைப் பெற்றுக்கொண்டார்.

1981இல் பக்கவாதம் அவரை வீழ்த்தியது. மூன்றாண்டு கிடந்து, 1984ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி காலமானார். 2015இல் அவருடைய துப்பாக்கிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. ஐந்தாம் இலக்க றிவோல்வரும் அவற்றுள் ஒன்று. அவர் வரைந்த தட்டை முனைக் குண்டுக்கான வார்ப்பச்சுகளை இன்றும் வாங்கலாம். அவற்றுட் சிலவற்றில் அந்தச் சதுரக் காடியை வட்டமாக்கிவிட்டார்கள். குண்டு அச்சிலிருந்து இலகுவாய் விழுமாம். கீத் உயிரோடிருந்தால் அதற்கும் ஒரு நீண்ட கண்டனக் கட்டுரை எழுதியிருப்பார், எழுத்துப் பிழைகளோடு.