நாயகனின் தோழர்

நான் போற்றும் நடிகர் கதாநாயகர் அல்லர். நாயகனின் தோழராக வந்தவர். ஜே சில்வர்ஹீல்ஸ் 1912இல் கனடாவில் மோஹாக் பழங்குடியில் பிறந்தார். லாக்ராஸ் ஆட்டத்தில் பெயர் பெற்றுத் திரையுலகம் புகுந்தார். 1949 முதல் 1957 வரை ‘தி லோன் ரேஞ்சர்’ என்னும் கௌபாய் தொலைக்காட்சித் தொடரில் டோன்டோவாக நடித்தார். நல்ல ஆங்கிலம் அறிந்தவரை அதில் உடைந்த ஆங்கிலம் பேச வைத்தனர். பழங்குடியினர் வேடத்தையும் வெள்ளையரே பெரும்பாலும் பூண்ட காலம் அது. அவர் மனம் கசந்து ஒதுங்கவில்லை. 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில் பழங்குடி நடிகர்க்குப் பயிற்சிக்கூடம் காண முன்னின்றார். 1980இல் மறைந்தார்.

நண்பர்களே, வேற்றூரில் நம் பேச்சைக் கேட்டுப் பிறர் நகைக்கும்போது எனக்கு அவர் நினைவே வருகிறது. அவருக்குத் திறந்தது குறுகிய வாயில். பின்வருவோர்க்கு அதை அகலமாக்க முயன்றார்.