செடியின் தூக்கத்தை அளந்தவர்

நம்ம ஊரின் பெயரிலேயே தூக்கம் இருக்கிறது. பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்டதால் ஊர் பள்ளிகொண்டா ஆயிற்று. பெருமாள் நிம்மதியாகத் தூங்குகிறார். நமக்குத்தான் தூக்கம் பிரச்சினை! காலையில் எழுந்ததும் கையில் கட்டிய ஃபிட்னஸ் பேண்டைப் பார்க்கிறோம். ஆழ்ந்த தூக்கம் 40 நிமிடம்தான் என்று அது காட்டிவிட்டால், அன்றைக்குப் பூரா மனசு சரியில்லை. அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதற்கு வழிகாட்டக்கூடிய ஒரு பெரியவரின் வாழ்க்கையை இங்கே பார்ப்போம்.

ஜகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 அன்று, இன்று பங்களாதேஷில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா அரசாங்க அதிகாரி. இருந்தும் மகனை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பாமல், முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே மீனவர் மகனோடு பக்கத்தில் உட்கார்ந்து படித்தார் போஸ். இயற்கையின் மேல் ஆசை பிறந்தது அங்கேதான்.

கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் வெள்ளைக்காரரைவிடக் குறைந்த சம்பளம். போஸ் சண்டை போடவில்லை. மூன்று வருடம் சம்பளத்தையே வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது.

1895இல் கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்கவைத்துக் காட்டினார். பிறகு அவர் கவனம் செடிகள் பக்கம் திரும்பியது. வேண்டிய கருவிகள் எந்தக் கடையிலும் கிடையாது. என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர்க் கைவினைஞர்களைப் பழக்கி, தம் மேற்பார்வையில் செய்துகொண்டார். டிப்ளமோ மாணவர்களான நாம் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

தொட்டாற்சுருங்கியின் இலை அசைவைப் புகை படிந்த கண்ணாடியில் முள் எழுத வேண்டும். முள் கண்ணாடியில் உராய்ந்தால் கணக்கு தப்பிவிடும். எனவே முள்ளை அதிரவைத்து, புள்ளி புள்ளியாகத் தொட்டுச் செல்லும்படி அமைத்தார். உராய்வும் குறைந்தது; புள்ளிகளை எண்ணினால் நேரமும் தெரிந்தது!

இந்தக் கருவியை வைத்துக்கொண்டு, செடி எப்போது தூங்குகிறது என்று கேட்டார். சாயங்காலம் இலை மடிந்தால் செடி தூங்கிவிட்டது என்பதுதான் எல்லோருடைய நினைப்பு. போஸ் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. இலை மடிவது வேறு, உணர்வு மங்குவது வேறு என்றார். இரவும் பகலும் மணிக்கொரு தடவை ஒரே அளவு மின் அதிர்ச்சி கொடுத்து, செடி எவ்வளவு அசைகிறது என்று பதிவு செய்தார். செடி ராத்திரி நெடுநேரம் விழித்திருந்து, விடிந்த பிறகுதான் அசந்து போகிறது. நண்பகலில்தான் நன்றாக விழிக்கிறது. ஹாஸ்டல் பையன் மாதிரியே!

போஸ் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை. மரத்தில் நீர் மேலேறுவது பற்றிய அவர் விளக்கத்தைப் பிற்கால விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆனால் எதை அளக்கிறோம் என்று கேட்கும் அவருடைய பழக்கம் இன்றைக்கும் செல்லும். 1917இல் கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் மறைந்தார்.

இப்போது நம் பேண்டுக்கு வருவோம். ஆஸ்பத்திரித் தூக்கப் பரிசோதனையில் மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை எல்லாம் பதிவாகும். பேண்டுக்குத் தெரிந்தது கை அசைவும், பச்சை வெளிச்சத்தால் பார்க்கும் நாடித்துடிப்பும்தான். மற்றது எல்லாம் அதை வைத்துப் போட்ட ஊகக் கணக்கு. பரீட்சை பயத்தில் அசையாமல் விழித்துக் கிடந்தாலும் தூக்கம் என்று எழுதிவிடும். மொத்தத் தூக்க நேரத்தை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரிப்பதில்தான் தடுமாறும்.

ஆகவே நண்பர்களே, ஒரு ராத்திரி எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வேறு கம்பெனி பேண்ட் கட்டிய நண்பனோடு ஒப்பிடவும் வேண்டாம். படுத்த நேரம், எழுந்த நேரம், மொத்த நேரம் இவற்றை இரண்டு வாரம் சேர்த்துப் பாருங்கள். 7 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குங்கள். அப்படித் தூங்கியும் பகலில் கண் சொக்கினாலோ, குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறது என்று அறைத்தோழன் சொன்னாலோ, பேண்ட் என்ன காட்டினாலும் சரி, டாக்டரிடம் போங்கள். கருவியை மதிப்போம், அது எதை அளக்கிறது என்று கேட்டுவிட்டு மதிப்போம். போஸ் நமக்கு விட்டுப்போன பாடம் இதுதான்.