ஆலன் ஒக்டேவியன் ஹியூம்

ஆலன் ஒக்டேவியன் ஹியூம் (1829 - சூலை 31, 1912) பிரித்தானிய இந்தியாவின் ஆட்சிப்பணி அலுவலரும் பறவையியலாளரும் ஆவார். 1885 இல் இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். இப்பெருமை, பறவைகளுக்காக அவர் செலவிட்ட ஆண்டுகளைப் பெரிதும் மறைத்துவிட்டது.

பறவையியல் பணி

ஹியூம் 1849 இல் இந்தியா வந்து எட்டாவா மாவட்டத்தில் பணியாற்றினார். அங்கு அவர் சேர்த்த முதல் பறவைத் தொகுப்பு 1857 கிளர்ச்சியில் அழிந்தது. மீண்டும் தொடக்கத்திலிருந்து சேர்த்தார். 1867 இல் சுங்கத்துறை ஆணையரானபின், உப்பு வரிக்காக வளர்க்கப்பட்ட நெடிய முள்வேலியைக் கண்காணிக்க மேற்கொண்ட பயணங்கள் பறவைத் தேடலுக்கும் உதவின. 1872 இல் ஸ்ட்ரே ஃபெதர்ஸ் என்னும் இதழைத் தொடங்கினார். கொங்கு நாட்டை ஒட்டிய நீலகிரியிலிருந்தும் அவருக்குச் செய்திகள் சென்றன: கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரட் காக்பர்ன் அம்மையார் குறிப்புகள் அனுப்பினார்; ஹியூமின் உதவியாளர் டேவிசன் அம்மலைகளில் பறவைகளைச் சேகரித்தார்.

இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூல் ஒன்றுக்காக ஹியூம் எழுதிவைத்திருந்த பல்லாண்டுக் கையெழுத்துப் படிகளைச் சிம்லா வீட்டுப் பணியாளர் ஒருவர் பழைய தாளாகக் கடைத்தெருவில் விற்றுவிட்டார். அத்துடன் ஹியூமின் ஆர்வம் தளர்ந்தது. தோல்களும் முட்டைகளுமாக ஏறத்தாழ 82,000 மாதிரிகளை 1885 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அளித்தார். பின்னாளில் தாவரவியலில் ஈடுபட்டு, 1910 இல் தென் இலண்டன் தாவரவியல் நிறுவனத்தை அமைத்தார்.

சத்லச்சுக் கதிர்க்குருவி

1867 நவம்பர் 13 அன்று, இமயமலையில் சத்லச்சு ஆற்றுப் பள்ளத்தாக்கில், ராம்பூர் அருகே ஹியூம் ஒரு சிறு கதிர்க்குருவியைப் பிடித்தார். அக்காலத்தில் பறவை ஆய்வு என்பது பெரும்பாலும் சுட்டுப் பாடம் செய்வதே. நாணல் கதிர்க்குருவிகள் கோடோ பட்டையோ இல்லாத பழுப்பு நிறத்தவை. அலகின் நீளம், சிறகு இறகுகளின் அளவு ஆகியவற்றைக் கொண்டே பிரித்தறிய வேண்டியவை. இதன் அலகு வழக்கத்தினும் நீண்டிருந்தது. அதை வைத்தே 1869 இல் ஹியூம் இதனைப் புதிய இனம் என விவரித்தார்.

ஒரேயொரு தோலை நம்பப் பிற்கால அறிஞர் பலர் தயங்கினர். அறிந்த இனம் ஒன்றின் வேறுபட்ட வடிவம் என்றே கருதினர். ஹியூமின் கணிப்பு சரியென்பதை 2002 இல் வெளியான மரபணு ஆய்வு நிறுவியது. 2006 மார்ச்சில் தாய்லாந்தில் பிலிப் ரவுண்ட் வளையமிட்ட ஒரு குருவி இவ்வினமே என இறகின் மரபணுவால் உறுதியாயிற்று. அதன்பின் 1869 இல் வட இந்தியாவில் பிடிக்கப்பட்ட மற்றொரு தோல், வேறு பெயரில் அருங்காட்சியகத்திலேயே கிடந்தது தெரியவந்தது. 2008, 2009 ஆண்டுகளில் ஆப்கானித்தானத்தின் வாக்கான் பகுதியில் இக்குருவிகள் இனப்பெருக்கம் செய்யுமிடம் கண்டறியப்பட்டது. முதலில் அவற்றின் பாட்டொலியே ஆய்வாளரை அங்கு நிறுத்தியது.